வயிற்றுக் குழாயைச் சுற்றித் தோல் சிவந்தால்



பக்கவாதம், வாய் அல்லது தொண்டைப் புற்றுநோய், தலையில் பட்ட பலத்த அடி, பிறவியிலேயே விழுங்கச் சிரமம் என்று ஏதேனும் ஒரு காரணத்தால் வாய்வழியாகச் சாப்பிட முடியாதவர்களுக்கு வயிற்றில் குழாய் பொருத்தி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மருத்துவமனையில் இதைப் 'பெக்' என்பார்கள். மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் டியூப் சில வாரங்களுக்குத்தான் சரிப்படும். அதற்கு மேல் தேவைப்பட்டால் பெக். பெரிய அறுவை இல்லாமல் எண்டோஸ்கோப்பி மூலமே இதைப் பொருத்தும் முறையை, 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டு நகரில் காடரர், பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலில் ஒரு கைக்குழந்தைக்குச் செய்தார்கள். இன்று சென்னையின் பெரிய மருத்துவமனைகளில் அது சாதாரணச் சிகிச்சை.

பொருத்துவது அரை மணி நேர வேலை. அதற்குப் பின்னால் மாதக்கணக்கில் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் வேலை. உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் மகளோ மருமகளோ ஒருத்தியின் வேலை. கட்டிலும் காற்று மெத்தையும் கேட்டு எங்களிடம் வருகிறவர்கள் போகிறபோக்கில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "குழாய் போட்ட இடம் சிவந்து புண்ணாகிறது, என்ன தடவலாம்?" என்ன தடவலாம் என்பது இரண்டாவது கேள்வி. ஏன் சிவக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இரைப்பையில் இருப்பது உணவையே கரைக்கும் அமிலம். குழாயின் ஓரமாக அது சிறிது கசிந்தாலும் தோலைத் தின்னத் தொடங்கிவிடும். கசிவை உறிஞ்சட்டும் என்று குழாயின் அடியில் கனமான பஞ்சுத் துணியை வைக்கிறோம். நனைந்த துணியை மணிக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அமிலத்தைத் தோலோடு சேர்த்துக் கட்டி வைத்ததுபோல் ஆகிறது. சித்திரை வெயிலில் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். இன்னொரு காரணம் இழுபடுவது. குழாய் பக்கவாட்டில் தொங்கினாலும், புரண்டு படுக்கும்போது உடலுக்கு அடியில் சிக்கினாலும், துளையின் ஓரம் உரசி அகலமாகும், கசிவு அதிகமாகும்.

இந்தக் காரணங்களை விட்டுவிட்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. பல வீடுகளில் தோலைக் கெடுப்பது அலட்சியம் அல்ல, அளவுக்கு மீறிய அக்கறை. கசிந்தது அசுத்தம், அத்தா பாக்கியாக இருக்க வேண்டும் என்று ஒரு நாளைக்கு ஆறேழு தடவை டெட்டால் விட்டுத் தேய்க்கிறார்கள். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் ஆறிவரும் தோலையும் சேர்த்துப் பொசுக்கும். மஞ்சள்தூள், டால்கம் பவுடர், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். பவுடர் ஈரத்தில் கட்டி கட்டியாகத் திரண்டு உரசும். எண்ணெய்ப் பசையில் குழாயைப் பிடித்திருக்கும் வெளித்தட்டு வழுக்கும்.

சுத்தம் செய்வது எளிது. கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். புதிதாகப் போட்ட குழாய் என்றால் முதல் சில நாட்களுக்கு மருத்துவமனையில் சொன்ன முறைதான். புண் ஆறிய பிறகு, மணமில்லாத மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். மெல்லிய துணியால் துளையிலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றித் துடையுங்கள். வெளித்தட்டின் அடிப்பகுதியை மறந்துவிடாதீர்கள். சோப்பு மிச்சமில்லாமல் வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, சிறிது நேரம் காற்றாட விடுங்கள். தினம் ஒரு முறை போதும், கசிந்தால் கசிந்தபோது. கசிவு இல்லாதவருக்குத் துணிக்கட்டே தேவையில்லை. கசிவு இருந்தால் ஒரே ஒரு மெல்லிய துணி வையுங்கள், நனைந்தவுடன் மாற்றுங்கள். தோல் சிவக்கத் தொடங்கினால் ஜிங்க் ஆக்சைடு கலந்த களிம்பை மெல்லியதாகப் பூசலாம். அது அமிலத்துக்கும் தோலுக்கும் இடையே ஒரு திரைபோல் நிற்கும். பழைய பூச்சை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டாம். அழுக்கான மேற்பகுதியை மட்டும் துடைத்துவிட்டு மேலே பூசினால் போதும்.

இனி கசிவுக்கு வருவோம். வெளித்தட்டு தோலிலிருந்து ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் விலகி நிற்க வேண்டும். அழுத்தி இறுக்கினால் அடியிலுள்ள தோல் புண்ணாகும். மிகவும் தளர்ந்தால் குழாய் உள்ளும் வெளியும் ஆடி கசியும். குழாயில் தோல்மட்டத்தில் தெரியும் அளவு எண்ணைத் தினமும் பாருங்கள். எண் மாறியிருந்தால் குழாய் நகர்ந்திருக்கிறது. உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். கொடுத்து முடித்த பின்னும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அவசரமாகத் தள்ளினால் வயிறு உப்பி, உணவு வந்த வழியே திரும்பும். மலச்சிக்கலும் ஓயாத இருமலும்கூட வயிற்றில் அழுத்தத்தைக் கூட்டிக் கசிவை உண்டாக்கும். இதைப் பலர் யோசிப்பதில்லை. நான்கு நாளாக மலம் போகாதவருக்கு எந்தக் களிம்பைத் தடவினாலும் சிவப்பு குறையாது.

பெரியவர்களுக்கு உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவது வழக்கம். பிள்ளைகளுக்கு அளவை மருத்துவர் சொல்வார். ரமலானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை அவருக்கும் ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அதிலுள்ள வெந்தயமும் கறித்துணுக்கும் குழாயை அடைத்துவிடும். உணவியல் நிபுணர் சொன்னதை மட்டும் கொடுங்கள். உள்ளே பலூன் வைத்த குழாய்க்கு இரண்டு வாய்கள் இருக்கும். பலூனுக்கு உரிய வாயில் உணவோ மருந்தோ போகவே கூடாது. பலூனில் தண்ணீர் குறைந்தாலும் கசியும். அதை அளக்கும் முறையை நர்ஸிடம் கற்றுக்கொள்ளுங்கள். குழாயைச் சுழற்றுவதும் உள்ளே தள்ளி இழுப்பதும் எல்லாக் குழாய்க்கும் பொருந்தாது. அதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். துளை பெரிதாகிவிட்டது, இன்னும் தடிமனான குழாய் போட்டால் கசியாது என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது துளையை மேலும் அகலமாக்கத்தான் உதவும்.

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல. அரிப்போடு, சுற்றிலும் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் சிதறியிருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்களுக்கும் இது எளிதில் வரும். துளையின் ஓரத்தில் ஈரமான சிவந்த சதை வளர்ந்து, தொட்டால் ரத்தம் கசிந்தால், புற்றுநோய் பரவிவிட்டதோ என்று குலைநடுங்க வேண்டாம். குழாய் உரசலால் வளரும் சதை அது. மருத்துவர் பார்த்து சில்வர் நைட்ரேட் போன்றதைத் தொட்டு வைத்துச் சரிசெய்வார். நீங்களாக நூல் கட்டுவதோ வெட்டுவதோ கூடாது. சிவப்பு நாளுக்கு நாள் பரவுகிறது, சூடாக வீங்கியிருக்கிறது, சீழ் வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் கிருமித் தொற்று. அன்றே மருத்துவரைப் பாருங்கள். உணவு செலுத்தும்போது வலியால் துடித்தாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ, குழாய் கொஞ்சமும் அசையாமல் உள்ளே புதைந்ததுபோல் இருந்தாலோ உணவை உடனே நிறுத்திவிட்டுப் புறப்படுங்கள். 108க்கு அழைக்கத் தயங்காதீர்கள்.

தொழுகையைப் பற்றியும் கேட்கிறார்கள். குழாய் இருக்கும் இடம் ஒளுவின் உறுப்புகளில் ஒன்றல்ல. ஆகவே ஒவ்வொரு வக்துக்கும் கட்டைப் பிரித்துக் கழுவ வேண்டுமோ என்று நோயாளியை வதைக்க வேண்டியதில்லை. இடைவிடாமல் கசிகிறவர்களுக்கு ஃபிக்ஹில் சலுகை உண்டு. ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் விவரம் வேறுபடுவதால், நிலைமையைச் சொல்லி உங்கள் இமாமிடம் தெளிவு பெறுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரை ஒவ்வொரு முறையும் ஆட்டோவில் ஏற்ற முடியாது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் தருகிறார்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்து வையுங்கள்.

குழாய் முழுவதுமாகக் கழன்று வந்துவிட்டால் பதற வேண்டாம், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். துளை சில மணி நேரத்திலேயே சுருங்கி மூடத் தொடங்கும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் மறுபடியும் முதலிலிருந்து துளையிட வேண்டியிருக்கும். துளையின் மேல் சுத்தமான துணியை வைத்து, கழன்ற குழாயையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழாய் போட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தால் வீட்டில் திரும்பச் செருகிப் பார்க்கவே கூடாது. அது இரைப்பைக்குப் போகாமல் வயிற்றறைக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. குழாயின் வகை, அளவு, போட்ட தேதி, தோல்மட்டத்து எண், பலூனின் தண்ணீர் அளவு இவற்றை ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டி வையுங்கள். இரவில் துணைக்கு இருப்பவர் யாராக இருந்தாலும், டியூட்டி டாக்டர் கேட்டவுடன் படித்துச் சொல்லலாம்.