மலையூர் வீட்டுக்கு எந்த டேப்லெட்?

மாதேஸ்வரன் மலை போலக் காடு சூழ்ந்த ஊரில், வீட்டார் படம் பார்க்க டேப்லெட் வாங்குகிறவர்கள் பிராசஸர் வேகத்தைவிடச் சேமிப்பிடத்தையே முதலில் பார்க்க வேண்டும். மலை மடிப்புகளில் சிக்னல் நிலையாக நிற்காது. கொள்ளேகாலுக்கோ மேட்டூருக்கோ போகும்போது படங்களை இறக்கிக்கொண்டு வருவதே நடைமுறை. பெட்டியில் 64 ஜிபி என்று போட்டிருந்தாலும் ஆண்ட்ராய்டே அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே 128 ஜிபி, கூடவே மெமரி கார்டு போடும் இடம். ஓடிடி செயலிகளில் இறக்கிய படங்களுக்குக் காலக்கெடு உண்டு. அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

திரை ஃபுல் எச்டி என்பதோடு நின்றுவிடாதீர்கள். ‘வைட்வைன் எல்1’ அனுமதி இல்லாத கருவியில் நெட்ஃபிளிக்ஸ் எச்டி தரத்தில் ஓடாது, படம் மங்கலாகத்தான் தெரியும். அந்தச் செயலியின் அமைப்புகளிலேயே இந்த விவரம் இருக்கிறது, கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். டேப்லெட்டுக்குக் கொடுக்கும் காசுக்கு டிவியே வாங்கலாமே என்பது நியாயமான கேள்விதான். ஐந்தாறு பேர் சேர்ந்து பார்க்க டேப்லெட்டின் 11 அங்குலத் திரை போதாது. ஆனால் கரண்ட் போன இரவில் டிவி உதவாது, பேட்டரியில் ஓடும் டேப்லெட் உதவும். இரண்டையும் கேபிளில் இணைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்கள், டைப்-சி வழியே டிவிக்குப் படம் போகுமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் போகாது.