கற்பனை நாட்டுக்குப் பெயரிடுதல்: ஊர்ப்பெயர்கள் கற்றுத்தரும் பாடம்

கதை எழுதுபவர் ஒரு நாட்டைப் படைக்கும்போது மலையும் ஆறும் அரண்மனையும் எளிதில் அமைந்துவிடுகின்றன. அந்த நாட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வி வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. மாணவர்கள் எழுதும் மாயக் கதைகளில் இரண்டு வகைப் பெயர்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. 'மாயாபுரி', 'மந்திரபுரி' என்று பழைய திரைப்படங்களின் வாசனையோடு வரும் பெயர்கள் ஒரு வகை. 'எல்டோரியா', 'ட்ராவெனார்' என்று ஆங்கில நாவல்களின் சாயலில் வரும் பெயர்கள் மற்றொரு வகை. முதல் வகை எந்த நாட்டுக்கும் பொருந்தும். ஆகவே எந்த நாட்டையும் நம் கண்முன் காட்டாது. இரண்டாம் வகை, அந்த நாட்டு மக்கள் எல்லாரும் தமிழில் பேசிக்கொண்டிருக்க, ஊர் மட்டும் வேறு மொழி பேசுவதுபோல் ஒட்டாமல் நிற்கும்.

இதைச் சிறிய குறை என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற என்னைப் போன்றவர்களில் பலர், மாயக் கதைகளை ஆங்கிலத்திலும் மலாயிலுமே படித்து வளர்ந்தோம். அதனால் வியப்பூட்டும் நாடுகளெல்லாம் பிற மொழிகளில்தான் இருக்கும், தமிழ் வீட்டுக்கும் கோயிலுக்கும் போதும் என்ற எண்ணம் நமக்குள் மெல்லப் படிந்துவிடுகிறது. உண்மையான ஊர்ப்பெயர்கள் எப்படிப் பிறந்தன, எப்படித் தேய்ந்தன, எப்படிக் கைமாறின என்று கவனித்தால் அந்த எண்ணம் தவறு என்பது விளங்கும். கற்பனை ஊருக்குப் பெயரிடும் முறையும் கூடவே கைவரும்.

1. பெயருக்கு இரண்டு உறுப்புகள்

காரைக்குடி, நாகப்பட்டினம், புதுச்சேரி ஆகிய பெயர்களைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறப்புப் பகுதியும் ஒரு பொதுப் பகுதியும் இருக்கின்றன. குடி, பட்டினம், சேரி என்பவை பொதுப் பகுதிகள். அது எவ்வகை ஊர் என்பதை அவை சொல்கின்றன. மலாய்ப் பெயர்களும் இப்படித்தான். புக்கிட் என்றால் குன்று, சுங்கை என்றால் ஆறு, தஞ்சோங் என்றால் முனை, தெலுக் என்றால் விரிகுடா. ஆனால் புக்கிட் மெர்தாஜம், தஞ்சோங் மாலிம் என்று பொதுப் பகுதி முன்னால் வரும். தமிழில் அது பின்னால் வரும். இந்த வரிசை மாற்றம் ஒன்றே இவை இரண்டு வெவ்வேறு மொழிகள் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரான ஜே.ஆர்.ஆர். டோல்கீன், 1954-55இல் வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் இந்த முறையையே கையாண்டார். அவர் வேல்ஸ் மொழியின் ஓசையைத் தழுவிச் சிண்டாரின் என்றொரு மொழியை உருவாக்கினார். அதில் 'டோர்' என்றால் நாடு. 'கோண்டோர்' என்பது கல்நாடு. 'மோர்டோர்' என்பது கருநாடு. பொருள் தெரியாத வாசகரும் இரண்டு பெயர்களிலும் ஒரே ஈறு ஒலிப்பதைக் கேட்டு, இவற்றுக்குப் பின்னால் ஒரு மொழி இருக்கிறது என்று நம்பிவிடுகிறார். தமிழ் எழுத்தாளருக்கு இந்த உழைப்பில் பாதி மிச்சம். நம்மிடம் ஈறுகள் ஏற்கெனவே இருக்கின்றன.

புதிய மொழியைப் படைக்காமலும் பெயரிடலாம். 1996இல் தன் நாவல் வரிசையைத் தொடங்கிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், தலைநகருக்கு 'கிங்ஸ் லேண்டிங்' என்று எளிய ஆங்கிலத்திலேயே பெயர் வைத்தார். படையெடுத்து வந்த அரசன் கரையிறங்கிய இடம் என்பது அதன் பொருள். தமிழில் அப்படி ஓர் ஊரைப் படைத்தால் 'வேந்தன்துறை' என்று சொல்லிவிடலாம். பெயரிலேயே ஒரு வரலாறு அடங்கிவிடும்.

2. நிலம் தரும் ஈறு

எந்த ஊருக்கு எந்த ஈறு என்பதை நிலமே முடிவு செய்யட்டும். இதற்கு நம் அகப்பொருள் இலக்கணம் ஓர் ஆயத்தப் பட்டியலையே வைத்திருக்கிறது. குறிஞ்சி நிலத்து ஊர் சிறுகுடி. முல்லை நிலத்து ஊர் பாடி. மருத நிலத்து ஊர்கள் பேரூர், மூதூர். நெய்தல் நிலத்து ஊர்கள் பாக்கம், பட்டினம். பாலை நிலத்து ஊர் குறும்பு. தேர்வுக்காக மனப்பாடம் செய்த கருப்பொருள் பட்டியல், கதை எழுதுபவருக்கு வரைபடமாக மாறிவிடுகிறது. 'தேன்சிறுகுடி' என்றதும் மலை தெரிகிறது. 'சங்குப்பாக்கம்' என்றதும் கடல் காற்று வீசுகிறது. 'எரிகுறும்பு' என்ற ஊருக்குள் நுழையும் கதைத் தலைவன் பணப்பையை இறுகப் பிடித்துக்கொள்வான். எழுத்தாளர் ஒரு பத்தி வருணனையை மிச்சப்படுத்தலாம்.

3. ஒலியால் எல்லை வகுத்தல்

தமிழ்ச் சொற்கள் எந்த எழுத்தில் தொடங்கும், எந்த எழுத்தில் முடியும் என்பதற்கு விதிகள் உண்டு. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. வல்லின மெய் சொல்லின் இறுதியில் வாராது. இதனால்தான் லங்கா என்பது இலங்கை ஆயிற்று. ரப்பரை இரப்பர் என்று எழுதுகிறோம்.

இந்த விதி கதை எழுதுபவர் கையில் நல்ல கருவி. உங்கள் நாயகனின் நாட்டுப் பெயர்கள் எல்லாம் விதிக்கு உட்பட்டே இருக்கட்டும். கடல் கடந்து வரும் பகைவரின் பெயர்கள் மட்டும் விதியை மீறட்டும். 'ரஸ்தக்' என்ற கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ரகரம், நடுவில் ஸ்த என்னும் மயக்கம், இறுதியில் ககர மெய். அது வேற்று நாக்கு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2015இல் வெளிவந்த 'பாகுபலி' திரைப்படத்தில் காலகேயர்களுக்காகக் கவிஞர் மதன் கார்க்கி 'கிளிக்கி' என்ற மொழியை உருவாக்கினார். படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் வந்திருப்பவர்கள் வேற்றவர்கள் என்பது உடனே புரிந்தது.

4. நாக்கில் தேயும் பெயர்

மக்கள் வாழும் ஊரின் பெயர் முழுமையாக நிலைப்பதில்லை. தஞ்சாவூர் தஞ்சை ஆகிறது, கோயம்புத்தூர் கோவை ஆகிறது, நாகப்பட்டினம் நாகை ஆகிறது, திருநெல்வேலி நெல்லை ஆகிறது. இலக்கணம் இதை மரூஉ என்கிறது. கற்பனை ஊர்களில் பெரும்பாலும் இந்தத் தேய்மானம்தான் இருப்பதில்லை. நேற்று அச்சடித்த நாணயம்போல் எல்லாப் பெயர்களும் பளபளக்கின்றன. ஆகவே ஒவ்வொரு முக்கிய நகருக்கும் இரண்டு பெயர்கள் கொடுங்கள். செப்பேட்டில் 'வலம்புரிப்பட்டினம்' என்று இருக்கட்டும். சந்தையில் மீன் விற்பவர் 'வலவை' என்று சொல்லட்டும். யார் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதைக் கொண்டே அவர் அரண்மனையைச் சேர்ந்தவரா, தெருவைச் சேர்ந்தவரா என்று வாசகர் கண்டுகொள்வார்.

5. கைமாறும் பெயர், மாறிக் கேட்கும் காது

ஆட்சி மாறினால் பெயரும் மாறும். இராசேந்திர சோழன் வடக்கே பெற்ற வெற்றியைத் தன் தலைநகரின் பெயராகவே ஆக்கினான். அதுதான் கங்கைகொண்ட சோழபுரம். நம் நாட்டில், காலனி ஆட்சியாளர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்த போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் கிள்ளான் துறைமுகம் ஆயிற்று. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. டோல்கீன் கதையிலும் இதைக் காணலாம். 'மினாஸ் இத்தில்' என்ற நிலாக் கோபுரம் பகைவர் கையில் விழுந்தபின் 'மினாஸ் மோர்குல்', அதாவது சூனியக் கோபுரம், ஆகிவிடுகிறது. போரை அவர் விரித்து எழுதாவிட்டாலும் அந்தப் பெயர் மாற்றமே தோல்வியைச் சொல்லிவிடும்.

பெயரை மாற்றாமல் மாற்றிக் கேட்பதும் உண்டு. மலாயில் 'பத்து' என்றால் கல். நாம் அதோடு மலையைச் சேர்த்துப் பத்துமலை என்றோம். தமிழ்க் காதுக்கு அது எண்ணிக்கையாக ஒலிக்கிறது. பத்து மலைகள் எங்கே என்று தேடாத பிள்ளை உண்டா? கோலாலம்பூர் என்பதன் மலாய்ப் பொருள் சேற்றுக் கழிமுகம். 'லும்பூர்' என்றால் சேறு. தமிழில் எழுதும்போதோ இறுதியில் ஓர் 'ஊர்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. நர்மதைக் கரையில் இருந்த பழம்பெரும் நகரான மாஹிஷ்மதியின் பெயரைப் 'பாகுபலி' எடுத்துக்கொண்டபோது, தமிழ் வடிவத்தில் அது மகிழ்மதி ஆயிற்று. எருமையைக் குறிக்கும் வடசொல் மறைந்து, மகிழ்ச்சியும் நிலவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இதை நம் கற்பனைக் கோட்டையில் பொருத்திப் பாருங்கள். பகைவர் கட்டிய ரஸ்தக்கை ஆளப்படும் மக்களால் அப்படியே சொல்ல இயலாது. முதலில் இகரம் சேரும், ஸகரம் கரையும், இறுதியில் 'கோட்டை' ஒட்டிக்கொள்ளும். ரஸ்தக் 'இரத்தக்கோட்டை' ஆகிவிடும். இரண்டு தலைமுறை கழித்து, அங்கே இரத்த ஆறு ஓடியதாக ஒரு கதை பிறக்கும். ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாத அந்தக் கோட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் நடுங்குவார்கள். பெயரிலிருந்தே ஒரு தொன்மம் கிடைத்துவிட்டது.

6. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

பெயர் முடிவானதும் அதை உரக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது. 'ஆலமூதூர்' என்ற அழகிய பெயரை 'ஆலை' என்று சுருக்கினால், வாசகர் மனத்தில் செம்பனை ஆலையின் புகை எழும். நம் வாசகர்களின் காதில் மலாயும் குடியிருக்கிறது என்பதையும் மறந்துவிடலாகாது. 'மாலுவனம்' என்று பெயரிட்டால், வெட்கத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல் கேட்டுவிடும். அரசி அவைக்கு வரும் கட்டத்தில் யாராவது சிரித்துவிடுவார்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று நகரங்களை ஒரே கதையில் வைத்தாலும் குழப்பமே மிஞ்சும்.

நம் கையில் இருக்கும் மூலப்பொருள்

மலேசியத் தமிழர்களாகிய நமக்கு இன்னொரு வளம் இருக்கிறது. தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர், பதிவேட்டில் இருந்த ஆங்கிலப் பெயரோடு நின்றுவிடவில்லை. ஒரு மரத்தையோ, ஒரு கோயிலையோ, ஒரு துரையையோ, ஒரு பாலத்தையோ அடையாளமாக வைத்துத் தமக்கென்று பெயர்களைச் சூட்டிக்கொண்டார்கள். அவற்றில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து தேய்ந்திருக்கும். மேலே சொன்ன பாடங்கள் அனைத்தையும் எந்தப் புத்தகமும் படிக்காமலே அவர்கள் செய்து முடித்திருக்கிறார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான இடங்களில் இந்தப் பெயர்கள் பெரும்பாலும் எந்தப் பெயர்ப்பலகையிலும் ஏறவில்லை. அவை இன்று பெரியவர்களின் நாக்கில் மட்டுமே இருக்கின்றன. அந்த நாக்குகள் ஓய்ந்தால் பெயர்களும் ஓய்ந்துவிடும்.

ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். தாத்தா பாட்டியிடம், அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டுக்கு என்ன பெயர், குளித்த ஆற்றங்கரைக்கு என்ன பெயர், இரவில் யாரும் போகாத அந்த ஒற்றையடிப் பாதைக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன ஒலியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அந்தப் பெயர் வந்த கதையையும் எழுதுங்கள். நாளை நீங்கள் படைக்கப்போகும் நாட்டின் வரைபடத்தில் முதல் பத்து ஊர்களுக்கு அங்கிருந்தே பெயர் கிடைக்கும்.