சீயக்காயா, அரப்பா, பூந்திக்கொட்டையா?

ஷாம்பு பாக்கெட்டை ஓரங்கட்டிவிட்டு வீட்டிலேயே தலைக்கு ஏதாவது தயாரித்துக்கொள்ள நினைப்பவர்கள் நாட்டு மருந்துக்கடை வாசலில் குழம்பி நிற்பது வழக்கம். சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை மூன்றிலும் அழுக்கைப் போக்குவது சபோனின் என்ற பொருள்தான். போர்வெல்லின் கடினத் தண்ணீரில் சோப்பு திரிந்து முடியில் படியும். சபோனின் அப்படிப் படியாது. மூன்றும் வேறுபடுவது வீரியத்திலும், அவை வாங்கும் வேலையிலும்தான்.

வாரம் ஒருநாள் நல்லெண்ணெய் சொட்டச் சொட்டத் தேய்த்துக் குளிப்பவருக்குச் சீயக்காயே சரி. பொடியாக வாங்காமல் முழுக்காயாக வாங்குங்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறதென்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். ஒரு கிலோ காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், கொஞ்சம் பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ந்த எலுமிச்சைத்தோல் சேர்க்கலாம். எல்லாம் ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை வெயிலில் காயவேண்டும். அதன்பிறகுதான் உண்மையான தொல்லை. வீட்டு மிக்ஸி இதற்குத் தாங்காது. மிளகாய் அரைத்த மிஷினில் போட்டால் தலை எரியும். சீயக்காய்க்கென்று தனி மிஷின் உள்ள மில்லைத் தேடவேண்டும். குளிக்கும்போது தண்ணீருக்குப் பதில் சாதம் வடித்த கஞ்சியில் குழைத்தால் முடி அவ்வளவாக வறளாது. கண்ணில் மட்டும் படக்கூடாது.

அரப்பு, உசிலை மரத்தின் இலைப்பொடி. சேலம், கொங்குப் பக்கத்து வீடுகளில் சீயக்காயைவிட இதற்குத்தான் மரியாதை. இது மென்மையானது, வறண்ட முடிக்கும் லேசாக எண்ணெய் வைப்பவருக்கும் ஏற்றது. எண்ணெய் கனமாக இருந்தால் இரண்டாவது முறையும் தேய்க்கவேண்டிவரும். பொடி முடிக்குள் தங்கிவிடும் என்பதால் நிறையத் தண்ணீர் விட்டு அலசவேண்டும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடியிருப்பில் இது சிரமம்தான்.

வெயிலும் மில்லும் வாய்க்காதவர்களுக்குப் பூந்திக்கொட்டை. ஐந்தாறு கொட்டைகளை உடைத்து விதையை எறிந்துவிட்டுத் தோலை இரவில் ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டினால் வேலை முடிந்தது. நகையும் பட்டுச்சேலையும் அலசப் பயன்படும் அதே நுரைதான். வறண்ட முடிக்காரர்கள் அடிக்கடி போடவேண்டாம்.

மாதம் முழுவதற்கும் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்து வைக்கலாம் என்ற யோசனையை நம்பவேண்டாம். ஷாம்பு கெடாமலிருக்க அதில் பதப்படுத்தும் பொருள் சேர்க்கிறார்கள். வீட்டுக் கரைசலில் அது கிடையாது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் சில நாளில் புளித்துவிடும்.

செம்பருத்தி இலையை மட்டும் அரைத்துத் தேய்த்தால் முடி வழவழப்பாகும், எண்ணெய் முழுதாகப் போகாது. அதை மற்றவற்றோடு துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒருநாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது உங்களுக்கானதல்ல. பயறு கலந்த பொடியில் வண்டு விழும். அதை மட்டும் குறைவாக அரைத்து, ஈரக்கை படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.