ஏலக்காய் போன வழி

போடிநாயக்கனூர்,
தை மாதம்.

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில் முடிக்கிற விஷயமாக இல்லாததால் இரண்டு நாள் ஆகிவிட்டது.

முதல் சம்பளம் கைக்கு வந்ததும் அம்மாச்சிக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். தனி வண்டி பிடித்து, ஊரைச் சுற்றிக் காட்ட ஒரு வழிகாட்டியையும் வைத்து, சாந்தன்பாறையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். அதை எப்படிச் செய்வது என்று சொல்வதற்கு முன்னால், நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் நம் சொந்தக்காரர்களைத் திரட்டி, ஒரு வேன் பேசிக் கடற்கரைக்குப் போனேன். ஒரே நாளில் ஐந்து ஊர் என்று வண்டி பேசிக் கொடுத்தவர் சொன்னார். கொடுக்கிற காசுக்கு ஐந்து ஊரா என்று எனக்கும் ஆசை. ஒவ்வோர் ஊரிலும் இறங்கினோம், அலையைப் பார்த்தோம், அலையில் கால் நனைவதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார். இரவு திரும்பும்போது பிள்ளைகளிடம் எந்த ஊரில் என்ன பார்த்தோம் என்று கேட்டேன். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. வேனில் இடம் போதாது என்று உன் அம்மாச்சியை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தை உனக்காக மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்காதே.

முதலில் ஊரைத் தேர்ந்தெடு. ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும்.

மலையில் இருக்கிற நமக்குக் கடல் எட்டாத தூரம் என்று ஓர் எண்ணம். பூப்பாறை வழியாகப் போகிற 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை நீ தினமும் பார்க்கிறாய். அதன் இரண்டு முனையிலும் கடல்தான் இருக்கிறது. மேற்கு முனை கொச்சி, கிழக்கு முனை தொண்டி. தொண்டிக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் போதாது. மேற்குக் கடற்கரை சுமார் 150 கிலோமீட்டர் தூரம். மலை இறக்கத்தையும் சேர்த்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்.

மேற்கே மூன்று ஊர்கள் உன் கண்ணில் படும். மூன்றுக்கும் நம் மலைக்கும் பழைய உறவு உண்டு. கொடுங்கல்லூர்ப் பக்கம்தான் சங்க நூல்கள் பேசும் முசிறித் துறைமுகம் இருந்ததாகக் கருதுகிறார்கள். யவனர் மரக்கலங்கள் மிளகுக்காகப் பொன்னோடு வந்த செய்தி அகநானூற்றில் இருக்கிறது. அங்கே பட்டணம் என்ற சிற்றூரில் 2007இல் தொடங்கிய அகழாய்வில் ரோமானியச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன.

அடுத்தது ஆலப்புழை. ஏலக்காய் விலைப் பட்டியலில் ஏ.ஜி.இ.பி. என்று ஒரு தரத்தைப் பார்த்திருப்பாய். ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்பதன் சுருக்கம் அது. மலையில் விளைகிற காய்க்குக் கடற்கரை ஊரின் பெயர் எப்படி வந்தது? திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் ஏலக்காய் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. தோட்டத்துக் காய் ஆலப்புழைப் பண்டகசாலைக்கு இறங்கி, அங்கே விலையாகிக் கப்பலேறியது. துறைமுகம் ஓய்ந்துவிட்டது. 1862இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது, காயின் தரத்தில் ஊரின் பெயர் நிற்கிறது.

மூன்றாவது கொச்சி. இந்த முறைக்குக் கொச்சியையே எடுத்துக்கொள். கடல், கப்பல் போகும் வாய், பழைய மசாலா பஜார் மூன்றும் ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையில் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். தரை சமதளம், அம்மாச்சியின் முழங்காலுக்கு நல்லது. மற்ற இரண்டு ஊரும் எங்கேயும் போகாது, அடுத்தடுத்த வருடங்களுக்கு இருக்கட்டும்.

எப்போது போவது? காயெடுப்பு ஓய்ந்த மாசி மாதம் ஏற்றது. ஜூன், ஜூலையில் அரபிக்கடல் கொந்தளிக்கும், விசைப்படகு மீன்பிடிப்புக்கும் அப்போது தடை. கிழமையையும் யோசிக்க வேண்டும். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர்களின் பரதேசி ஜெப ஆலயம் வெள்ளி பிற்பகலும் சனிக்கிழமையும் பார்வையாளருக்குத் திறக்காது. ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகளில் பெரும்பாலானவை அடைத்திருக்கும். திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாள் பார்.

வண்டிக்கு வருகிறேன். தோட்டத்து ஜீப் வேண்டாம். அது மலைப் பாதைக்குப் பிறந்தது, பத்து மணி நேரம் உட்கார்ந்து போகிற உடம்புக்குப் பிறந்ததில்லை. தெரிந்தவருடைய சொந்தக் காரும் வேண்டாம். வாடகைக்கு ஓட மஞ்சள் போர்டு வண்டிக்குத்தான் உரிமை உண்டு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்க வேண்டும். வாடகை பேசும்போது கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா என்று கேள். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் உள்ளடக்கமா, தனியா என்று கேட்டு, பேசிய தொகையைப் போனில் எழுத்தாக அனுப்பச் சொல். டிரைவர் முந்தைய இரவு வேறு சவாரி ஓட்டியவராக இருக்கக் கூடாது. கொச்சியில் மதியம் அவர் இரண்டு மணி நேரம் தூங்கட்டும். ஊர் சுற்ற ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவரே ஊரையும் சுற்றிக் காட்டிவிடுவார் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. வழிகாட்டுவது தனித் தொழில். சுற்றுலாத் துறையின் அனுமதி பெற்ற வழிகாட்டிகளுக்கு அடையாள அட்டை உண்டு, அதைக் கேட்டுப் பார். உனக்கு மலையாளம் போதும், அம்மாச்சிக்குத் தோட்டத்தில் கங்காணியோடு பேசுகிற அளவுதான் தெரியும். ஆகவே தமிழ் பேசுகிறவராகப் பிடி. கூலி அரை நாளுக்கா, முழு நாளுக்கா என்று முன்கூட்டியே முடிவு செய். "கடைகளுக்குக் கூட்டிப்போக வேண்டாம்" என்று காலையிலேயே மரியாதையாகச் சொல்லிவிடு. கடைக்காரர் தரும் கமிஷனுக்காக நம் நேரத்தைச் செலவழிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இனி முக்கியமானதைச் சொல்கிறேன். வழிகாட்டியிடம் "எல்லாத்தையும் காட்டுங்க" என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் பட்டியல்தான் கிடைக்கும், அன்று எனக்குக் கிடைத்ததும் அதுதான். "நாங்க ஏலத்தோட்டத்துக்காரங்க. எங்க காய் எந்த வழியாக் கடலுக்குப் போச்சு, அதைக் காட்டுங்க" என்று கேள். நல்ல வழிகாட்டிக்கு அந்த ஒரு கேள்வி போதும், அன்றைய நாள் முழுவதையும் அதில் கோத்துவிடுவார். பூவெல்லாம் கையில் இருந்தாலும் நார் இருந்தால்தானே சரம்.

அந்தச் சரம் வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். ஆனையிறங்கல் வழி இருட்டில் யானை நடமாட்டம் உள்ள இடம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை விட்டு ராஜகுமாரி, ராஜாக்காடு, வெள்ளத்தூவல் வழியாக அடிமாலிக்கு இறங்குங்கள். மதிகெட்டான் சோலையில் பிறக்கிற ஓடைகள் பன்னியாற்றில் சேர்கின்றன. அந்தத் தண்ணீர் வெள்ளத்தூவல் மின்நிலையத்தில் விளக்கை ஏற்றிவிட்டு முதிரப்புழையில் விழுந்து, பெரியாற்றோடு கலக்கிறது. நேரியமங்கலத்தில் 1935இல் திறந்த வளைவுப் பாலம் பெரியாற்றின் மேல் நிற்கும். அங்கே வண்டியை ஓரங்கட்டச் சொல்லி அம்மாச்சியை இறக்கிக் காட்டு. அவள் வேலை செய்த தோட்டத்துச் சரிவுகளில் பெய்த மழைதான் கீழே ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஆறு ஆலுவாவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கொடுங்கல்லூர்ப் பக்கமும் இன்னொன்று கொச்சிக் காயல் பக்கமும் போகிறது. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறியைத் தூர்த்துக் கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்று வழிவழியாகச் சொல்வார்கள். துறைமுகத்தை இடம் மாற்றியதே மலைத் தண்ணீர் என்றால், கடல் நமக்கு அந்நியமா?

ஒன்பது மணிக்கு ஃபோர்ட் கொச்சி. நேராகக் கடலுக்குப் போங்கள். அரை மணி நேரம் யாரும் எதுவும் விளக்க வேண்டாம், வழிகாட்டியும்தான். பிறகு சீன வலைகளுக்கு வாருங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க, மறுமுனையில் கட்டிய கற்களின் கனத்தில் வலை தண்ணீரிலிருந்து எழும். கிணற்று ஏற்றம் இறைத்த காலம் அம்மாச்சிக்குத் தெரியும், அவளே அந்தப் பொறியைச் சட்டென்று புரிந்துகொள்வாள்.

அடுத்து புனித பிரான்சிஸ் தேவாலயம். போர்த்துகீசியர் 1503இல் மரத்தால் கட்டி, பிறகு கல்லால் எடுத்தது. வாஸ்கோ ட காமா 1524இல் கொச்சியில் இறந்தபோது இங்கேதான் புதைத்தார்கள். அவர் இன்னும் இங்கே இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எலும்புகளை 1539இல் போர்த்துகல்லுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், இருப்பது கல்லறைக் கல் மட்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வழிகாட்டி சொல்வதில் வரலாறும் இருக்கும், ஊர்க்கதையும் இருக்கும். சீன வலையைச் சீனர்கள் கொண்டுவந்தார்கள் என்கிறவர்களும் உண்டு, போர்த்துகீசியர் மக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்கிறவர்களும் உண்டு. "இது எப்படித் தெரியும்?" என்று பணிவாகக் கேள். நல்ல வழிகாட்டிக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

மதியத்துக்குள் தோபி கானாவுக்குக் கூட்டிப்போ. துணி வெளுக்கும் இடத்தைப் பார்க்க யார் போவார்கள் என்று நினைக்காதே. டச்சுக்காரர்கள் 1663இல் கொச்சியைப் பிடித்தார்கள். அவர்களுடைய சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று அங்கே வேலை செய்வோரைச் சொல்வார்கள். மலையில் காயெடுக்கப் போன தமிழரும், கடலோரத்தில் துணி வெளுக்க வந்த தமிழரும் ஒரே பிழைப்பின் இரண்டு முனைகள். அம்மாச்சி அங்கே தமிழில் நலம் விசாரிக்கட்டும். கேட்காமல் படம் எடுக்காதே, அது அவர்கள் வேலை செய்கிற இடம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மட்டாஞ்சேரி. அரண்மனை, ஜெப ஆலயம் இரண்டில் ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்வேன். 1568இல் கட்டிய ஜெப ஆலயத்தின் நீல வண்ணச் சீனத் தரையோடுகள் அழகுதான். ஆனால் அரண்மனைச் சுவரில் இராமாயணம் ஓவியமாக இருக்கிறது, அந்தக் கதை அம்மாச்சிக்குத் தலைகீழ்ப் பாடம். அவளை நினைத்து முடிவெடு.

கடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கப்பல் போகும் வாய்க்குப் பக்கத்தில் நீரோட்டம் கடுமையாக இருக்கும். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், சிவப்புக் கொடி இருந்தால் அதுவும் வேண்டாம். மலைக் குளிரில் வாழ்ந்த உடம்புக்குக் கடலோரப் புழுக்கம் தாங்காது. குடை, தண்ணீர், உப்புப் போட்ட மோர் எடுத்துப் போ. வளைவுகளில் குமட்டாமல் இருக்க அவளை முன் இருக்கையில் உட்கார வை.

மாலை நான்கு மணிக்கு ஊர் திரும்பக் கிளம்பிவிடுங்கள். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க முடியாதுதான். அதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு நாள் தங்க வேண்டும். களைத்த டிரைவரை நள்ளிரவில் மலையேற வைத்து அதைச் சம்பாதிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கிளம்புமுன் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அரை மணி நேரம் வைத்துக்கொள். பழைய பண்டகசாலைகள் காயலைப் பார்த்து நிற்கும், சுக்கும் மிளகும் மணக்கும். நம் காயும் அங்கே சாக்கில் இருக்கும். அந்த அரை மணி நேரம் வழிகாட்டி பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. நாற்பது வருடம் காயெடுத்தவள் அம்மாச்சி. கையில் ஒரு பிடி அள்ளி உருட்டினாலே எது எட்டு மில்லிமீட்டர், எது ஏழு, எது காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு அதிகமாகிப் பச்சை போனது என்று சொல்லிவிடுவாள். அந்தக் காய் தோட்டத்தைத் தாண்டி எங்கே போகிறது என்பதை மட்டும் யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. அவள் பேசட்டும். வழிகாட்டி கேட்கட்டும். நீயும் பக்கத்தில் நின்று கேள்.

வண்டியில் இடம் இருந்தால் எனக்கும் எழுது. நான் பின் இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
மாமா