"இன்னும் ஒரு மாசம் ஓடும் சார்!"

காலை நேர அவசரம். பின் ஸீட்டில் மகள், அவள் முதுகில் மூட்டை மாதிரி ஸ்கூல் பை. ஸ்கூட்டரைக் கிளப்புகிறீர்கள். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தீர்கள். ஹாரன் அடிக்கிறதா என்றும் பார்த்தாச்சு. டயரைப் பார்த்தீர்களா?

"ஹெல்த் பத்திரிகையில் டயருக்கு என்ன வேலை?" என்கிறீர்களா? இருக்கிறது. ஸ்கூட்டர் சறுக்கினால் நம்மை அறியாமலே கையை ஊன்றிவிடுவோம். மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவது பெரும்பாலும் இப்படித்தான். தலையில் அடிபட்டால் கேட்கவே வேண்டாம். உங்கள் இருவரையும் ரோட்டோடு பிடித்து வைத்திருப்பது, ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் ரப்பர் மட்டும்தான்.

மழை வந்தால் தெரியும் சேதி

தேய்ந்த டயர் காய்ந்த ரோட்டில் சமர்த்தாக ஓடும். அதனால்தான் நாமும் ஏமாந்துவிடுகிறோம். டயரில் உள்ள பள்ளங்கள் அழகுக்காக இல்லை. ஈரத் தரையில் தண்ணீரை ஒதுக்கித் தள்ளி, ரப்பர் ரோட்டைத் தொட வழி செய்பவை அவை. பள்ளம் போய் மொழுமொழுவென்று ஆகிவிட்டால், நடுவில் தண்ணீர் படலமாக நின்றுவிடும். பிரேக் சக்கரத்தைப் பிடிக்கும். ஆனால் டயர் ரோட்டைப் பிடிக்காது! அதுவும் முதல் மழையில் தூசியும் எண்ணெயும் குழைந்து கிடக்கும்போது கேட்கணுமா?

எப்போது மாற்றணும்?

டயரின் பக்கவாட்டில் 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்தோ, சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேர் மேலே பள்ளத்துக்குள் பாருங்கள். குட்டி மேடு ஒன்று தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டதா? அவ்வளவுதான், அதன் ஆயுள் முடிந்தது.

பள்ளம் இருந்தாலும் இவற்றைக் கவனியுங்கள்:

* பக்கவாட்டில் வெடிப்புகள். ரப்பர் காய்ந்து கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அதிகம் ஓட்டாமல் வெயிலில் நிற்கும் வண்டிக்கும் இது வரும்.

* எங்காவது புடைப்பு. உள்ளே நூல் அறுந்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

* நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருப்பது. வளைவில் சாயும்போது வண்டி 'படக்'கென்று விழுவது போல இருக்கும்.

* அடிக்கடி பஞ்சர். டயர் மெலிந்துவிட்டதோ என்று சந்தேகப்படுங்கள்.

பெரும்பாலும் பின் டயர்தான் முதலில் தேயும். பாரம் அதன் மேல்தானே! அதற்காக முன் டயரை மறந்துவிடாதீர்கள். முன் சக்கரம் சறுக்கினால் சமாளிப்பது ரொம்பக் கஷ்டம்.

வாங்கும்போது...

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். '3523' என்றால் 2023-ம் வருடம் 35-வது வாரத்தில் தயாரானது. வருடக்கணக்காகக் கடையில் கிடந்த டயரைத் தலையில் கட்டப் பார்த்தால், வேறு கேளுங்கள். டியூப் உள்ள டயர் என்றால் டியூபையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி, சக்கரம் சுற்றும் திசையைப் பார்த்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். தேய்ந்த டயரில் புதிதாகக் கோடு கீறிக் கொடுத்தால், விலை மலிவு என்று மயங்காதீர்கள். மிச்சமிருக்கும் ரப்பரையும் அல்லவா வெட்டிவிடுகிறார்கள்!

புது டயரும் ஆரம்பத்தில் கொஞ்சம் வழுக்கும். முதல் நூற்றைம்பது கிலோ மீட்டர் வரை நிதானமாகப் போங்கள். வாரம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாகும் முன்பே காற்று பாருங்கள். காற்று குறைந்தாலும் டயர் சீக்கிரம் தேயும்.

"இன்னும் ஒரு மாசம் ஓடும் சார்" என்று மெக்கானிக் சொல்லலாம். நீங்களே உங்களுக்குச் சொல்லிக் கொள்ளவும் செய்யலாம். ஓடும்தான், வாஸ்தவம். ஆனால் ஈர ரோட்டில் நிற்குமா? இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைக்கும்போது, டயரையும் ஒரு தடவை கையால் தடவிப் பாருங்களேன். பின்னால் உட்காரும் மகள் அதைப் பார்க்கப் போவதில்லை. அப்பா பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் அவள் ஏறி உட்காருகிறாள்.