அயல்நாட்டு நச்சு ஊர்வன: இறக்குமதி, தனியார் வளர்ப்பு – முக்கியக் குறிப்புகள்

• அடிப்படைச் சட்டம்: வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 1.4.2023 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 அட்டவணைகள் 4 ஆகக் குறைந்தன. முதலிரண்டும் விலங்குகளுக்கு, மூன்றாவது தாவரங்களுக்கு. நான்காவதில் சைட்டிஸ் பட்டியல் உயிரினங்கள். இந்தத் தலைப்புக்கு நான்காவதுதான் உயிர்நாடி.

• சைட்டிஸ்: அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் ஒப்பந்தம். 3.3.1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தானது. 1975 ஜூலை 1 முதல் நடைமுறை. இந்தியா சேர்ந்தது 1976. உலக வனவிலங்கு நாள் மார்ச் 3-இல் வருவதற்குக் காரணமும் இதுவே.

• இதன் பின்னிணைப்புகள் 3. ராஜநாகமும் நல்ல பாம்பும் பின்னிணைப்பு 2-இல் உள்ளன. கண்ணாடி விரியன் பின்னிணைப்பு 3-இல். அதைச் சேர்க்கச் சொன்ன நாடு இந்தியா. அமெரிக்காவின் நச்சுப் பல்லியான ஹீலா மான்ஸ்டர் பின்னிணைப்பு 2.

• பிரிவு 49-எம்: நான்காம் அட்டவணை விலங்கை உயிருடன் வைத்திருப்பவர் அதைத் தெரிவித்துப் பதிவுச் சான்று பெற வேண்டும். குட்டி பிறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. பதிவு பரிவேஷ் இணையதளம் வழியாக. முன்னோடி: 2020 ஜூன் அறிவுரை. தாமாக முன்வந்து 6 மாதத்துக்குள் அறிவித்தால் ஆவணம் கேட்கப்படாது என்றது அது. கடத்தி வந்தவருக்கும் இதுவே கதவைத் திறந்துவிட்டது என்ற விமர்சனம் நியாயமானதே.

• பலர் கோட்டை விடும் இடம்: சைட்டிஸ் பார்ப்பது வணிகத்தால் ஓர் இனம் அழியுமா என்பதை, கடித்தால் ஆள் பிழைப்பாரா என்பதை அல்ல. ஆப்பிரிக்காவின் கறுப்பு மாம்பா அந்தப் பட்டியலில் இல்லை. எனவே 49-எம் பதிவு அதற்குப் பொருந்தாது. நம் சட்டத்தின் பெரிய ஓட்டை இது.

• பிரிவு 62-ஏ: அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் இறக்குமதி, வணிகம், வைத்திருத்தல், பெருக்கம் ஆகியவற்றை மத்திய அரசு கட்டுப்படுத்தலாம், தடை செய்யலாம். ஆனால் இங்கும் அளவுகோல் நம் காட்டுயிர்களுக்கும் அவற்றின் வாழிடத்துக்கும் வரும் கேடு; வளர்ப்பவரின் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் வரமாட்டார்.

• பக்கத்து வீட்டுக்காரரைக் கணக்கில் எடுப்பவை வேறு. பிரிட்டனின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம், 1976: உள்ளாட்சியின் உரிமம், கால்நடை மருத்துவர் ஆய்வு, பிறருக்கு நேரும் பாதிப்புக்குக் காப்பீடு மூன்றும் கட்டாயம். அமெரிக்காவின் புளோரிடாவில் நச்சு ஊர்வன உரிமத்துக்கு 1,000 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும்.

• விஷமுறிவு மருந்து: இந்தியாவில் கிடைப்பது நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. இதற்கான விஷத்தைத் தருவதில் முக்கியப் பங்கு சென்னையை அடுத்த வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு (1978). ஆப்பிரிக்கப் பாம்போ அமெரிக்கப் பாம்போ கடித்து வருபவருக்கு இந்த மருந்தை நம்ப முடியாது.

• நடப்பு நிகழ்வு: 2025 ஜூன் தொடக்கத்தில், தாய்லாந்திலிருந்து வந்த பயணியிடம் மும்பை விமான நிலையச் சுங்கத் துறை 47 நச்சு விரியன்களைப் பிடித்தது. அவற்றில் 3, ஈரானைச் சேர்ந்த சிலந்தி வால் கொம்பு விரியன்கள். வாலின் நுனியைச் சிலந்திபோல் அசைத்துப் பறவைகளை ஏமாற்றிப் பிடிப்பவை இவை. அறிவியலார் தனி இனமாக விவரித்தது 2006-இல்தான்.

• தண்டனை (பிரிவு 51): 2022 திருத்தத்தில் பொது அபராத உச்சவரம்பு ரூ.25,000-இலிருந்து ரூ.1 லட்சமானது.

• வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகம்: தொடக்கம் 2007.

• தேர்வறையில் 49-எம் (பதிவு), 62-ஏ (ஆக்கிரமிப்பு இனம்) இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிடாதீர்கள்.