ரிப்போர்ட்டில் ஒரு எண்: பரவிய மார்பகப் புற்றுநோயும் ட்யூமர் மார்க்கரும்



சேலத்துக்கு இறங்கி ரத்தம் கொடுத்துவிட்டு ஏற்காடு திரும்புகிறோம். மறுநாள் மகனின் செல்போனுக்கு ரிப்போர்ட் வருகிறது. முன்பு 48 என்று இருந்தது, இப்போது 71. டாக்டர் கொடுத்த தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அந்தப் பத்து நாளும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. மார்பகப் புற்றுநோய் எலும்பு, கல்லீரல், நுரையீரல் என்று பரவிய தாய்மார்கள் இருக்கும் வீடுகளுக்கு இது பழகிய கதை. அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று இந்த மாதம் பார்ப்போம்.

டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் சி.ஏ. 15-3. சிலருக்கு சி.இ.ஏ.வும் சேர்த்து எழுதுவார். பால் சுரப்பிச் செல்களின் மேல் இயல்பாகவே இருக்கும் ‘மக்-1’ என்ற புரதத்தைப் புற்றுநோய்ச் செல்கள் அளவுக்கு மீறி உண்டாக்கி ரத்தத்தில் உதிர்க்கின்றன. சி.ஏ. 15-3 அளப்பது அதைத்தான். சி.ஏ. 27.29 என்பதும் அதே புரதத்தின் இன்னொரு அளவு. பொதுவாக இரண்டுக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. பல லேப்கள் சி.ஏ. 15-3க்கு 30 யூனிட் வாக்கில் எல்லை போடுகின்றன. ஆனால் கருவிக்குக் கருவி கணக்கு மாறும். ஒரு முறை சேலத்திலும், மகள் வீட்டுக்குப் போனபோது ஒரு முறை சென்னையிலும் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டு அழுவதில் அர்த்தமில்லை. முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். புதிய மருந்து தொடங்கிய முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில் இந்த எண் ஏறலாம். மருந்து வேலை செய்து செல்கள் சாகும்போதும் புரதம் ரத்தத்தில் கொட்டும். “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எண் ஏறிவிட்டது” என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரோ சொன்ன கஷாயத்துக்குப் போவது இந்தச் சமயத்தில்தான். சில நேரம், நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த மருந்தையே அப்படிக் கைவிட்டுவிடுகிறோம். டாக்டரிடம் பேசாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்.

எண் ஏற வேறு காரணங்களும் உண்டு. கல்லீரல் நோய், சினைப்பைக் கட்டி, வைட்டமின் பி12 குறைவால் வரும் ரத்தசோகை ஆகியவற்றில் சி.ஏ. 15-3 கூடலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு சி.இ.ஏ. கூடும். முடி வளர்வதற்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளில் கணக்கையே குழப்பும். சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. நோய் பரவியும் எண் ஏறாதவர்கள் இருக்கிறார்கள். “ரிப்போர்ட் நார்மல்தானே” என்று இரவில் தூங்கவிடாத முதுகுவலியையும், கூடிவரும் மூச்சிரைப்பையும், கண் மஞ்சளாவதையும் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. முதுகுவலியோடு கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ அன்றைக்கே கீழே இறங்குங்கள். தண்டுவடம் நசுங்குவதற்கான அறிகுறி அது. காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அதனால்தான் டாக்டர்கள் நோயாளி சொல்வது, உடல் பரிசோதனை, ஸ்கேன், இந்த எண் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் எண்ணைத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பக்கூடாது என்கிறது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை ஏறினால் அதற்குக் கனம் உண்டு. வழக்கமாக அடுத்தது ஸ்கேன்.

இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று வார்த்தைகள் உள்ள ரிப்போர்ட் வேறு. அது கட்டியின் சதையைச் சோதித்து எழுதியது. எந்த மருந்து கொடுப்பது என்பதை முடிவுசெய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, பத்திரமாக வையுங்கள். பரவிய இடத்தில் இந்தக் குணங்கள் மாறியிருக்கலாம் என்பதால் மறுபடியும் ஊசி வைத்துச் சதை எடுக்கச் சொல்வார்கள். “ஊசி பட்டால் பரவிவிடும்” என்று நம் பெரியவர்கள் தடுப்பதுண்டு. அந்தப் பயத்தால் பொருத்தமான மருந்து தள்ளிப்போவதுதான் நஷ்டம்.

நோயில்லாத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜில் சி.ஏ. 15-3 இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம். ஆரம்பநிலைப் புற்றுநோயில் அது பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். மார்பில் கட்டி, தோல் சுருக்கம், காம்பில் ரத்தக் கசிவு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

சி.ஏ. 15-3க்கு வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரை போன்ற வேறு சோதனை அன்று இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஒரு நோட்டில் தேதி, எண், லேப் பெயர், அப்போது சாப்பிட்ட மருந்து ஆகியவற்றை வரிசையாக எழுதி வாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் ஃபைலில் வைத்து, எந்தச் சோதனைக்குப் பணம் கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் ரத்தம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.